சர்ச்சிலின் ஆறு தொகுதிகள்: கேள்விகள் அச்சில், பதில்கள் அலமாரியில்

இரண்டாம் உலகப் போர் பற்றி வின்ஸ்டன் சர்ச்சில் எழுதிய ஆறு தொகுதிகளை எடுப்பவர்கள் பெரும்பாலும் முதல் தொகுதியிலேயே சொக்கிப்போகிறார்கள். சொக்கத்தான் வேண்டும், மனிதரின் நடை அப்படி. ஆனால் இதை வரலாறாகப் படிப்பதைவிட, நன்றாகத் தயாரிக்கப்பட்ட ஒரு தரப்பு வாதமாகப் படித்தால்தான் நிறையக் கிடைக்கும்.

எழுதப்பட்ட சூழலை முதலில் பாருங்கள். 1945 தேர்தலில் தோற்று எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்திருந்தபோது தொடங்கினார். முதல் தொகுதி 1948இல். கடைசித் தொகுதி 1953இல் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டு பிரிட்டனிலும் வந்தபோது அவர் மறுபடி பிரதமர். அதற்குள், போரில் நேச நாட்டுப் படைகளின் தளபதியாக இருந்த ஐசன்ஹோவர் அமெரிக்க அதிபராகிவிட்டதால், அவரைச் சங்கடப்படுத்தக்கூடிய இடங்களை வெட்டினார். தனியாக எழுதவும் இல்லை. பில் டீக்கின், ஜெனரல் பௌனல், இஸ்மே, கப்பற்படை விவகாரங்களுக்கு ஆலன், டெனிஸ் கெல்லி என்று ஒரு குழுவே வரைவு தயாரித்தது. அமைச்சரவைச் செயலாளர் நார்மன் புரூக் அரசு ஆவணங்களைப் பயன்படுத்த வழிசெய்து, வரைவுகளையும் படித்துத் திருத்தினார். மற்ற ஆய்வாளர்கள் அந்த ஆவணங்களைப் பார்க்க 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேல் இவர் சொன்னதே சாட்சியம், இவர் வைத்ததே தீர்ப்பு.

தொகுதிகள் முழுக்க அவர் அதிகாரிகளுக்கும் தளபதிகளுக்கும் அனுப்பிய குறிப்புகள் அச்சாகியிருக்கின்றன. ‘இது ஏன் தாமதம்? ஒரே தாளில் விளக்குக’ என்கிற ரகம். படிக்கப் படிக்க, போரில் விழித்திருந்தவர் இவர் ஒருவர்தான் என்று தோன்றும். அந்தக் குறிப்புகளுக்கு வந்த பதில்களில் பெரும்பாலானவை நூலில் இல்லை. ‘ஐயா, இது நடக்காது, காரணம் இவை’ என்று ராணுவத் தலைமை சொன்னதை அறிய, அன்றைய தரைப்படைத் தலைவர் ஆலன் புரூக்கின் நாட்குறிப்புக்குத்தான் போக வேண்டும். அதில் வடக்குச் சுமாத்திராவில் படை இறக்கும் யோசனையை விட்டுக்கொடுக்காத பிரதமரோடு மல்லுக்கட்டிய களைப்பு அப்படியே பதிவாகியிருக்கிறது.

மறைப்பிலும் வகைகள் உண்டு. சில நியாயமானவை. 1941 மார்ச்சில் ஜெர்மனியின் கவசப் படைப்பிரிவுகள் ருமேனியாவிலிருந்து தெற்குப் போலந்துக்கு நகரத் தொடங்கியதை ஸ்டாலினுக்கு எச்சரித்தபோது ‘நம்பகமான உளவாளி’ என்று சொன்னார். நூலிலும் உண்மை மூலம் வெளிப்படவில்லை. அது ஜெர்மானியரின் எனிக்மா என்ற ரகசியக் குறியீட்டை உடைத்துக் கிடைத்த தகவல். அந்த ரகசியம் 1974 வரை வெளியே விடப்படவில்லை. ஆகவே இந்த நூலை மட்டும் வைத்துக்கொண்டு அட்லாண்டிக் கடற்போரையோ வட ஆப்பிரிக்காவையோ எடைபோட முடியாது.

வேறு சில அப்படியில்லை. தனித்துப் போரிடுவதா என்ற கேள்வி போர் அமைச்சரவையின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறவே இல்லை என்று இரண்டாம் தொகுதியில் எழுதுகிறார். 1940 மே 26 முதல் 28 வரை இத்தாலி வழியாக ஜெர்மனியோடு சமரசம் தேடலாமா என்று வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸோடு கடும் விவாதம் நடந்ததை அமைச்சரவைப் பதிவுகள் காட்டுகின்றன. உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் பெருமை கூடத்தான் செய்திருக்கும். வாதாடி வென்றவர் அவர்தானே!

நம் பக்கம் வந்தால் இன்னும் உறுத்தும். நான்காம் தொகுதியில், உலகின் வேறெந்தப் பெரிய மக்கள்தொகையும் இந்துஸ்தான மக்களைப்போலப் போரின் கொடுமையிலிருந்து இவ்வளவு காக்கப்படவில்லை, எங்கள் சிறு தீவின் தோளில் சுமந்தோம் என்கிறார். 1943 வங்கப் பஞ்சத்தில் இறந்தவர்கள் 15 லட்சம் என்று விசாரணைக் குழுவே கணக்கிட்டது. பிற்காலக் கணிப்புகள் 30 லட்சம் வரை போகின்றன. ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாதென்று கடலோர வங்கத்தில் படகுகளும் அரிசியும் அகற்றப்பட்டதும், தானியக் கப்பல் கேட்டு வைஸ்ராய் வேவல் அனுப்பிய தந்திகளும் அந்தக் காலத்து அரசுக் கோப்புகளில் இருப்பவைதான். ஆறு தொகுதிகளின் கதையோட்டத்தில் பஞ்சத்துக்கென்று ஓர் அத்தியாயம் இல்லை.

சிங்கப்பூர் விஷயத்தில் மட்டும் மனிதர் நேராக நிற்கிறார். நிலப்பக்கம் அரண் இல்லை என்பது தனக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆலோசகர்கள் சொல்லியிருக்க வேண்டும், தான் கேட்டிருக்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதுகிறார். 1944 அக்டோபரில் மாஸ்கோவில் அரைத்தாளில் ருமேனியா ரஷ்யாவுக்கு 90, கிரீஸ் பிரிட்டனுக்கு 90 என்று விழுக்காடு போட்டு நாடுகளைப் பங்கிட்டதையும் அவரே சொல்கிறார்.

படிக்க நினைப்பவர்கள் 1959இல் வந்த ஒற்றைத் தொகுதிச் சுருக்கத்தோடு நிறுத்த வேண்டாம், அதில் ஆவணங்கள் பெருமளவு போய்விடுகின்றன. இரண்டாம், நான்காம் தொகுதிகளைப் பின்னிணைப்புகளோடு படியுங்கள். ஒவ்வொரு குறிப்பையும் கடக்கும்போது யாருக்கு அனுப்பினார், தேதி என்ன, பதில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் ஆலன் புரூக்கின் நாட்குறிப்பையும் வேவலின் நாட்குறிப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குப் போர்முனைக்கு வேறு நூல்களைத் தேடுங்கள், 1943இல் சோவியத், ஜெர்மன் டாங்கிகள் மோதிய குர்ஸ்க் போருக்கு இவர் ஒதுக்கிய இடம் போதவே போதாது.