ரெசிடுவல் இறங்கினால் போதுமா?

ஒருவர், ரெசிடுவல் (கணினி கண்ட விடையைச் சமன்பாடுகளில் போட்டுப் பார்த்தால் மிஞ்சும் பிழை) பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிட்டால் ரத்த ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் சிமுலேஷனின் விடை சரி என்று எழுதியிருக்கிறார். பலரும் அதையே பகிர்கிறார்கள். பணிவான ஒரு திருத்தம்: நீங்கள் கொடுத்த வலைக்கண்களில் (கணக்குக்காகக் குழாயின் உட்புறத்தைப் பிரித்த சிறு துண்டுகளில்) சமன்பாடுகள் தீர்ந்துவிட்டன என்பதை மட்டுமே ரெசிடுவல் சொல்கிறது. அந்த வலை போதுமான அளவு நுணுக்கமானதா என்று அது சொல்லாது.

சந்தேகமிருந்தால், விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். விட்டம் 4 மி.மீ., நீளம் 10 செ.மீ., பாகுநிலை 0.0035 பாஸ்கல் விநாடி, அடர்த்தி 1060 கி.கி./கன மீட்டர், சராசரி வேகம் விநாடிக்கு 0.2 மீட்டர். நுழைவாயிலில் பரவளைய வடிவில் வேகத்தைக் கொடுங்கள் (சீரான வேகம் கொடுத்தால் கணக்கு ஒத்துவராது). புவாசேய் விதிப்படி (குழாயில் சீராக ஓடும் திரவத்துக்கான சூத்திரம்) அழுத்த வீழ்ச்சி 140 பாஸ்கல், சுவரின் சறுக்குப் பெயர்ச்சித் தகைவு (ஓடும் திரவம் சுவரை உராய்ந்து இழுக்கும் விசை, ஓரலகுப் பரப்புக்கு) 1.4 பாஸ்கல். கையாலேயே போட்டுப் பார்க்கலாம்.

இனி குறுக்கே ஐந்தாறு கண்கள் மட்டுமே உள்ள வலையில் ஓட்டுங்கள். ரெசிடுவல் அழகாக இறங்கும். சுவர்த் தகைவோ 1.4-ஐ விட்டு விலகி நிற்கும். கண்களை இரட்டிப்பாக்கி மறுபடி ஓட்டினால் நெருங்கிவரும். இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்ஃபோம் என்ற சிமுலேஷன் மென்பொருளிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.