எலிக்கு ஆபரேஷன் செய்தவரைப் பற்றி

நேற்று ஒரு பதிவின் கீழே நடந்ததைச் சொல்கிறேன். மருத்துவ நோபல் வாங்கிய ஜப்பானிய விஞ்ஞானி ஷிமோன் சகாகுச்சியின் படத்தைப் போட்டு, "எலிக்கு ஆபரேஷன் பண்ணினதுக்கெல்லாம் நோபலா?" என்று ஒருவர் கேட்க, வரிசையாக எல்லோரும் சிரித்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆமாம், எலிதான். பிறந்து மூன்றே நாளான எலிக்குஞ்சின் தைமஸை, அதாவது எதிர்ப்பு சக்திக்கான டி செல்கள் பக்குவப்படும் நெஞ்சுச் சுரப்பியை, எடுத்துவிட்டால் எதிர்ப்பு சக்தி குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்த எலிகளின் உடம்பு தன் தைராய்டையும் சினைப்பையையுமே தாக்கியது. ஏன்? அந்தக் கேள்வியை அவர் விடவில்லை. ஆரோக்கியமான எலியின் டி செல்களை அவற்றுக்குச் செலுத்தினால் நோய் வரவில்லை. அப்படியென்றால் மற்ற செல்களை அடக்கிவைக்கிற செல் ஒன்று இருந்தாக வேண்டும்.

'அடக்கும் டி செல்' என்ற பேச்சே 80களில் கெட்ட பெயர் வாங்கிவிட்டது. பலரும் ஒதுங்கிப் போனார்கள். அவர் விடவில்லை. 1995இல் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் சிடி25 என்ற புரதத்தை அடையாளமாக வைத்து அந்தச் செல்லைக் காட்டினார். நோபல் வந்தது 2025இல். நடுவில் 30 வருடம்!

என் அக்காவுக்கு லூபஸ்; எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்குகிற நோய். முட்டி வீங்கி, கன்னமெல்லாம் சிவந்து படுத்திருந்தவளிடம், பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் "உனக்கு எதிர்ப்பு சக்தி பத்தலைம்மா" என்று கஷாயம் நீட்டினார்கள். பத்தாமல் இல்லை அத்தை, காவலுக்கு இருப்பதே அவளை அடிக்கிறது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சாப்பாட்டில்தான் ஏதோ தப்பு என்று கடைசியில் அவள் தலையிலேயே பழியைப் போட்டார்கள். அது இன்றைக்கும் ஆறவில்லை.

"சரி, மருந்து எங்கே?" என்பீர்கள். நியாயமான கேள்விதான். இந்தச் செல்களை வைத்துச் செய்யும் சிகிச்சைகள் பெரும்பாலும் இன்னும் பரிசோதனையில்தான் இருக்கின்றன. அதற்காக வேர் வைத்தவரைப் பழிப்பதா? கூடவே பரிசு வாங்கிய பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும் 2001இல் இந்தச் செல்கள் உருவாகத் தேவையான ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டுபிடித்ததும் தோல் செதில் செதிலாக உதிர்ந்த ஒரு வகை எலியிடமிருந்துதான். அதே மரபணு கெட்டுப்போனால் மனிதக் குழந்தைகளுக்கும் கொடிய நோய் வருகிறது. இப்போதும் வெறும் எலிதானா?

எலிகள் பாவம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அது வேறு பேச்சு. சிரித்தவர்களிடம்தான் கேட்கிறேன்: உங்கள் வீட்டில் யாரும் இப்படிப் படுத்ததில்லையா?

அக்காவும் அந்தக் கமெண்டுகளைப் படித்திருக்கிறாள். காலையில் போன் செய்து, "அவர் கண்டுபிடிச்சது என் மாதிரி ஆளுங்களுக்குத்தானே?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.