எக்ஸ்இசட்டில் அவசரப்படுத்தியது யார்?

முகம் தெரியாதவர்களை மென்பொருள் திட்டங்களில் சேர்க்கவே கூடாது, அடையாள அட்டையைப் பார்த்துத்தான் உள்ளே விடவேண்டும் என்று வாதிடுகிறவர்கள் எடுத்த எடுப்பில் எக்ஸ்இசட் விவகாரத்தைக் காட்டுகிறார்கள்: நம்பிக்கை பெற்ற ஒரு பங்களிப்பாளர் அந்தத் திறமூலக் கருவிக்குள் பின்கதவு, அதாவது ரகசிய நுழைவழி, வைத்தது 2024இல் அம்பலமானது. எனக்கு அந்த வாதத்தில் உடன்பாடில்லை. அங்கே நடந்த உரையாடலைத் தேதி வாரியாக, மெயில் மெயிலாகப் படித்தால் வேறொன்று கண்ணில் படும். பொய்ப்பெயரில் வந்ததாகக் கருதப்படுகிறவர்கள் இரண்டு வருடம் யார் கண்ணையும் உறுத்தவில்லை. காரணம், அவர்கள் பேசிய தொனியில்தான் உண்மையான பயனர்களும் தினம் பேசுகிறார்கள். நம்முடைய பேச்சுப் பழக்கமே அவர்களுக்கு மறைவிடமாக இருந்தது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

எக்ஸ்இசட் கோப்புகளைச் சுருக்கும் கருவி. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் மூலநிரல் அந்த வடிவத்திலும் வெளியாகிறது. டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் விநியோகங்களில் அது இல்லாத கணினியைப் பார்ப்பது அரிது. ஃபின்லாந்தைச் சேர்ந்த லாசே காலின் அதைப் பல ஆண்டுகள் ஏறக்குறைய தனியாளாக, சம்பளமில்லாமல் பராமரித்தார். 2021 ஜனவரியில் ஜியா டான் என்ற பெயரில் ஒரு கிட்ஹப் கணக்கு உருவானது. அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் அந்தப் பெயரிலிருந்து எக்ஸ்இசட்டுக்கு முதல் பேட்ச் (நிரல் திருத்தம்) வந்தது. சின்ன, ஆபத்தில்லாத பேட்ச்.

2022 ஏப்ரலில் ஜியா டான் இன்னொரு பேட்ச் அனுப்பினார். மூன்றே நாளில் ஜிகர் குமார் என்ற பெயர், இங்கே பேட்ச்கள் வருடக்கணக்கில் கிடக்கின்றன என்று குறைப்பட்டது. மே மாதம் டென்னிஸ் என்ஸ் என்ற இன்னொரு பெயர் வந்து, ஜாவா பதிப்பை இன்னும் யாராவது பராமரிக்கிறார்களா என்று விசாரித்தது. ஜூன் 7 அன்று ஜிகர் குமார், புதிய பராமரிப்பாளர் வரும்வரை இங்கே எதுவும் நகராது என்று எழுதினார். மறுநாள் லாசே பொறுமையாகப் பதில் சொன்னார்: ஆர்வம் போய்விடவில்லை, நெடுநாளைய மனநலப் பிரச்சினையால் ஈடுபட முடியவில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதையும் நினைவில் வையுங்கள் என்று. ஒரு மனிதர் பொதுவெளியில் இதற்குமேல் என்ன சொல்ல முடியும்?

ஒரு வாரத்தில் ஜிகர் குமாரிடமிருந்து அடுத்த அடி. இந்த வேகத்தில் போனால் 5.4.0 பதிப்பு இந்த ஆண்டுக்குள் வருமா என்பதே சந்தேகம், திட்டத்தின் கழுத்தை நெரிக்கிறீர்கள் என்றார். டென்னிஸ் என்ஸ் அதைவிட மென்மையாக, உங்கள் மனநலப் பிரச்சினைக்கு வருந்துகிறேன், ஆனால் உங்கள் எல்லையை உணர்ந்து பொறுப்பை இன்னொருவரிடம் கொடுக்கலாமே என்றார். ஜூன் முடிவதற்குள், ஜியா டான் நடைமுறையில் ஏற்கெனவே இணைப் பராமரிப்பாளர்தான் என்று லாசே எழுதும் நிலை வந்தது. 5.4.0 அந்த ஆண்டு டிசம்பர் 13 அன்றே வெளியாகிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நெருக்கடி கொடுக்கப் பயன்பட்ட கணிப்பே தப்பு.

இந்த மெயில்களில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. மிரட்டல் கிடையாது. எந்த மட்டுறுத்தல் விதியிலும் இவை சிக்காது. புகார் எழுதிய அந்தப் பெயர்களுக்கு வேறெங்கும் தடமில்லை என்பது பின்னால், எல்லாம் வெடித்த பிறகு தேடியபோதுதான் தெரிந்தது. அப்போதே ஏன் யாரும் தேடவில்லை என்று கேட்பது சுலபம். ஏன் தேடுவார்கள்? பிரபலமான எந்தத் திறமூலத் திட்டத்தின் புகார்ப் பட்டியலைத் திறந்தாலும் "இது செத்துப்போன திட்டமா?", "ஆறு மாதமாகிறது, ஏதாவது நடக்குமா?" என்ற தொனிதான். எழுதுகிறவர்கள் நிஜப் பெயரும் நிஜ வேலையும் உள்ளவர்கள். அந்தக் கூட்டத்தில் இரண்டு போலிக்குரல் கலந்தால் யாருக்குக் காது கேட்கும்?

என் கவலையெல்லாம் இங்கேதான் நிற்கிறது. இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை ஆக்கித் தருகிறவரிடம் எந்த உரிமையில் கெடு விதிக்கிறோம்? பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டவர் கேட்கலாம். பேட்ச் எழுதிக் காத்திருப்பவருக்கு வருத்தம் வருவது நியாயம். இரண்டும் இல்லாதவர் வந்து, நீ விலகிக்கொள் என்று சொல்வதைப் பயனர் கருத்தாக எண்ணி மதிப்புக் கொடுத்ததுதான் எக்ஸ்இசட்டில் திறந்த முதல் கதவு. பின்கதவெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

அதையும் விவரமாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் நிரலை எல்லோரும் பார்க்கலாமே என்ற நம்பிக்கை எந்த இடத்தில் ஓட்டையானது என்பது அதில்தான் இருக்கிறது. 2023 தொடக்கத்தில் ஜியா டான் கையில் நேரடியாக நிரல் சேர்க்கும் அனுமதி இருந்தது. மார்ச்சில் 5.4.2 வெளியீட்டை அவரே செய்தார். நிரலில் பிழை தேடும் கூகுளின் தானியங்கிச் சோதனைச் சேவையில் எக்ஸ்இசட்டுக்கான தொடர்பு முகவரி அவருடையதாக மாறியது. ஜூனில் ஹான்ஸ் ஜான்சன் என்ற புதுப்பெயர், ஐஃபங்க் என்ற வசதியைப் பயன்படுத்தும் பேட்ச்களை அனுப்பியது. நிரல் ஓடத் தொடங்கும் நேரத்தில் ஒரு செயற்கூற்றுக்கு எந்த வடிவத்தை எடுப்பது என்று தீர்மானிக்கும் வசதி அது. பின்கதவு உள்ளே நுழைய அதையே பிடித்துக்கொண்டது. ஜூலையில் அந்தத் தானியங்கிச் சோதனையில் மட்டும் ஐஃபங்கை நிறுத்திவைக்கச் சொன்னார் ஜியா டான். சொன்ன தொழில்நுட்பக் காரணம் கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது.

2024 பிப்ரவரி 23 அன்று சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் மனிதர் படித்துப் புரிந்துகொள்ள முடியாத சில பைனரிக் கோப்புகள் சேர்ந்தன. சுருக்கும் கருவியில் வேண்டுமென்றே சிதைத்த கோப்புகள் இருப்பது வழக்கம்தான், சிதைந்ததைச் சரியாக மறுக்கிறதா என்று பார்க்க அவை தேவை. நச்சு அதற்குள் இருந்தது. அதைப் பிரித்தெடுக்கும் கட்டளை, எல்லோரும் பார்க்கும் மூலநிரல் இருக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகக் கோப்புகளை ஒன்றாகக் கட்டிய டார் பொதியில் மட்டும், நிரலைக் கட்டும் கட்டளைகள் இருக்கும் எம்4 கோப்புறையின் ஒரு கோப்புக்குள் இருந்தது. நிரலைக் கட்டும் கட்டளைக் கோப்புகளைத் தானே உருவாக்கும் ஆட்டோடூல்ஸ் கருவிகளைப் பயன்படுத்தும் திட்டங்களில் களஞ்சியத்தில் இல்லாத பல ஆயிரம் வரிகள் டார் பொதியில் இருப்பது சாதாரணம். யாரும் அவற்றைப் படிப்பதில்லை. 24ஆம் தேதி 5.6.0 பதிப்பு வெளியானது, மார்ச் 9 அன்று 5.6.1.

இடையில் பிப்ரவரி 26ஆம் தேதி நடந்தது இதைவிடச் சின்னது. லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வசதி கணினியில் இருக்கிறதா என்று சோதிக்கும் துண்டு நிரலில், தனி வரியில் ஒரே ஒரு முற்றுப்புள்ளி. அந்தப் புள்ளியால் சோதனை நிரல் கம்பைல் ஆகாது, அதாவது இயங்கும் நிரலாக மாறாது. ஆகாவிட்டால் வசதி இல்லை என்று முடிவாகும். நூறு பேர் பார்த்தாலும் திரையில் ஒட்டிய தூசி என்றே நினைப்பார்கள்.

பின்கதவின் இலக்கு, தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சேவையகம். அதன் பரவலான வடிவமான ஓபன்எஸ்எஸ்எச் எக்ஸ்இசட்டின் நூலகத்தைத் தொடுவதே இல்லை. ஆனால் சில விநியோகங்கள், சேவை தயாராகிவிட்டது என்று சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குச் சொல்ல மட்டும் சிஸ்டம்டியின் நூலகத்தை எஸ்எஸ்எச்சோடு இணைத்திருந்தன, அதன் பின்னால் எக்ஸ்இசட்டும் உள்ளே வந்தது. சில வரிகளில் நாமே எழுதிவிடக்கூடிய ஒரு செய்திக்காக முழு நூலகத்தை இழுத்துவந்ததன் விலை இது. ஓபன்எஸ்எஸ்எச் 9.8 பதிப்பு பிறகு அந்தச் செய்தியைத் தானே அனுப்பத் தொடங்கியது.

ஆண்ட்ரேஸ் ஃபிராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர் கண்டுபிடித்த விதம் ஊரறிந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். வேக அளவீடு செய்துகொண்டிருந்தவருக்கு எஸ்எஸ்எச் தேவைக்கு மேல் சிபியூ எடுப்பது தெரிந்தது. 0.299 நொடி ஆகவேண்டியது 0.807 நொடி ஆனது. நினைவகப் பிழை தேடும் வால்கிரைண்டில் முன்பு பார்த்த ஒரு புரியாத பிழையும் நினைவுக்கு வந்தது. 2024 மார்ச் 29 அன்று அவர் பகிரங்கமாக அறிவித்தபோது டெபியனின் சோதனைக் கிளை, ஃபெடோராவின் வரவிருந்த பதிப்பு, ஓபன்சூசே டம்பிள்வீட் வரை அது போயிருந்தது. அதற்கு நான்கு நாள் முன்னால், ஹான்ஸ் ஜான்சன் டெபியனிடம் 5.6.1ஐச் சேர்க்கச் சொல்லிக் கோரிக்கை வைத்திருந்தார். கடைசிக் கட்டத்திலும் அவசரப்படுத்த ஒரு பெயர் தயாராக நின்றது.

இனி நிஜப்பெயர் வாதத்துக்கு வருகிறேன். ஜியா டான், ஜிகர் குமார், ஹான்ஸ் ஜான்சன் எல்லாமே நிஜப்பெயர்போலத்தான் இருக்கின்றன. குமார் என்று பார்த்ததும் இந்தியர் என்றும், டான் என்று பார்த்ததும் சீனர் என்றும் எழுதித் தள்ளியவர்கள் பெயரையே ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். ஜியா டானின் கமிட்டுகளில் (பதிவான நிரல் மாற்றங்களில்) நேர மண்டலம் பெரும்பாலும் கிரீன்விச்சுக்கு எட்டு மணி நேரம் முன்னால் இருந்தது, சிலவற்றில் இரண்டு மூன்று மணி நேரம். அந்த எண்ணையும் கணினியில் யார் வேண்டுமானாலும் மாற்றலாம். நிஜப்பெயர் விதி வைத்தால் புனைபெயரில் நேர்மையாக உழைப்பவர் வெளியேறுவார். மூன்று வருடம் திட்டமிடக் கூடியவர் ஒரு பாஸ்போர்ட் நகலோடு வருவார். லினக்ஸ் கெர்னல் குழு 2023இல் தன் விதியைத் திருத்தியது. நிஜப்பெயர் வேண்டும், புனைபெயர் கூடாது என்று இருந்த இடத்தில், அறியப்பட்ட அடையாளம் போதும், அநாமதேயம் மட்டும் கூடாது என்று வைத்தார்கள். எனக்கு அது சரியாகப் படுகிறது. ஒரே பெயரில், வருடக்கணக்கில், எல்லோரும் பார்க்க உழைத்த தடம்தான் அடையாளம்.

ஆனால் ஜியா டானுக்கும் வருடக்கணக்கில் தடம் இருந்ததே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. தடம் இருந்தால் பேச்சைக் கேட்கலாம், சாவிக்கொத்தை முழுதாகக் கொடுக்க அது போதாது. மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் போலி மெயில் முகவரிகளிலிருந்து, குறை வைத்த பேட்ச்களைக் கெர்னலுக்கு அனுப்பிச் சோதித்தார்கள். 2021 ஏப்ரலில் கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்புகளுக்கே தடை போட்டார், பழைய பேட்ச்கள் நூற்றுக்கணக்கில் மறுபடி ஆராயப்பட்டன, ஆய்வுக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. சம்மதம் கேட்காமல் தன்னார்வலர்களின் நேரத்தைச் சோதனைக்கூடமாக்கியது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அங்கே பொறுப்பைக் கேட்க ஒரு நிறுவனம் இருந்தது. எக்ஸ்இசட்டில் கணக்கை முடக்கியதோடு ஆள் காணாமல் போனார். ஆகவே ஆள் யார் என்பதை நம்பாமலே தாக்குப்பிடிக்கும் நடைமுறை வேண்டும்.

பராமரிப்பாளர்கள் பொறுப்பைப் பகிரும்போது உரிமைகளைப் பிரித்துக் கொடுக்கவேண்டும். பேட்ச்களை மதிப்பிடுவது, சேர்ப்பது, வெளியீடு செய்வது, இணையதளம், பாதுகாப்புப் புகார் வரும் முகவரி எல்லாம் தனித்தனிச் சாவிகள். எக்ஸ்இசட்டில் இவை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கைக்குப் போயின. திட்டத்தின் இணையப் பக்கம்கூடக் கடைசியில் அந்தக் கைக்கு எட்டும் இடத்துக்கு மாறியிருந்தது. வெளியீட்டை ஒருவர் தயாரித்தால் இன்னொருவர் தன் கணினியில் தனியாகத் தயாரித்து, கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 எண்ணை ஒப்பிடட்டும். எண் பொருந்தவில்லை என்றால் பெரும்பாலும் கோப்புகளின் நேர முத்திரையும் ஆட்டோடூல்ஸ் பதிப்பு வேறுபாடும்தான் காரணமாக இருக்கும். அவற்றை முதலில் ஒன்றாக்கிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் பொருந்தாவிட்டால் வெளியிடாதீர்கள்.

டார் பொதியைச் சோதிக்க, அந்த வெளியீட்டைக் குறிக்கும் கிட் டேகிலிருந்து நேரடியாக ஒரு பிரதி எடுத்து, பொதியைப் பிரித்து, இரண்டு கோப்புறைகளையும் டிஃப் போட்டு வேறுபாடுகளைப் பார்க்கவேண்டும். கூடுதலாக வருவதில் கான்ஃபிகர் கோப்பும் மேக்ஃபைல் வார்ப்புகளும் வழக்கமானவை. அவற்றை நம்பி விட்டுவிடாமல் கிட் பிரதியில் அந்தக் கோப்புகளை உருவாக்கும் ஆட்டோரீகான்ஃபை நீங்களே ஓட்டி, வந்ததோடு ஒப்பிடுங்கள். எம்4 கோப்புகளை, அவை எடுக்கப்பட்ட குனுலிப் நூலகத்தின் மூலத்தோடு ஒப்பிடுங்கள். எக்ஸ்இசட்டில் நச்சுக் கட்டளை இருந்த எம்4 கோப்பின் வரிசை எண் 3க்குப் பதில் 30 என்று இருந்தது. அதிக எண் இருந்தால் புதியது என்று கருவிகள் எடுத்துக்கொள்ளும், அசலைக் கொண்டு மேலெழுதாது. பைனரிச் சோதனைக் கோப்பு வந்தால் அதை உருவாக்கிய நிரலையும் கேளுங்கள். கையால் செய்தது என்று பதில் வந்தால் சேர்க்காதீர்கள். ஒரு சோதனையையோ எச்சரிக்கையையோ அணைக்கும் மாற்றத்துக்கு எப்போதும் இரண்டாவது ஆளின் ஒப்புதல் வேண்டும், காரணம் எவ்வளவு நியாயமாகத் தெரிந்தாலும்.

நெருக்கடி கொடுக்கும் மெயில் வரும்போது, எழுதியவர் போலியா என்று துப்பறிய வேண்டாம். மூன்று கேள்வி போதும். எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறீர்கள்? எந்தப் பேட்ச் இல்லாததால் உங்களுக்கு எது உடைகிறது? அந்தப் பேட்சை உங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்தீர்களா? உண்மையான பயனர் ஆர்வத்தோடு பதில் சொல்வார், பல நேரம் அதிலேயே நல்ல பிழை அறிக்கை கிடைக்கும். பதில் சொல்லாமல் மறுபடி ஆளைப் பற்றியே பேசினால் அந்த உரையாடலைப் பூட்டிவிடலாம், குற்றவுணர்ச்சி தேவையில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. களைத்துப்போன ஒருவர் தன் நிலையைச் சொன்ன பிறகும் அவரை நெருக்கினால், அந்த மூன்று கேள்விகளை நாம் கேட்கலாம். அவரே கேட்கும் நிலையில் இருக்கமாட்டார்.

லாசே காலின் திரும்பி வந்து, மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, 2024 மே 29 அன்று பின்கதவு நீக்கிய 5.6.2ஐ வெளியிட்டார். இத்தனைக்குப் பிறகும்.

உங்களுக்கு வேண்டிய பேட்ச் எங்காவது தேங்கிக் கிடந்தால், அதைக் கட்டி ஓட்டிப் பார்த்த முடிவை எழுதுங்கள்: எந்தக் கணினி, எந்தக் கம்பைலர், சோதனைகளில் எத்தனை தேறின, எது விழுந்தது என்று. மதிப்பிடுகிறவருக்கு ஒரு மாலைப்பொழுது மிச்சமாகும். அதற்கும் நேரமில்லை, பேட்ச் மட்டும் உடனே வேண்டும் என்றால் உங்கள் பிரதியில் சேர்த்துப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். உரிமம் அதற்கு முழு அனுமதி தருகிறது, யாருக்கும் மெயில் அனுப்பவேண்டிய அவசியமே இல்லை.