நூரளையில் ஒன்றுமே இல்லையாம்

யாரோ ஒரு கொழும்புத் தம்பி நூரளைக்கு, அதாவது நுவரெலியாவுக்கு, ஒரு நாள் போய்வந்து போட்டிருக்கிற அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். நேற்றிரவிலிருந்து பதினொரு பேர் அனுப்பிவிட்டார்கள். பார்த்துவிட்டேன். மூன்று முறை பார்த்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை, எதற்கு இவ்வளவு கோபம் என்று தெரிந்துகொள்ளப் பார்த்தேன். மூன்றாம் தடவை அதில் வருகிற, கொழுந்து பறிக்கும் அம்மாவின் முகத்தை மட்டும் பார்த்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

"நுவரெலியாவில ஒண்ணுமே இல்ல மச்சான், எல்லாம் சும்மா பில்டப்." இதுதான் தம்பியின் தீர்ப்பு. சரி, எத்தனை நாள் தங்கி ஆராய்ந்து இந்த முடிவுக்கு வந்தார்? வீடியோவிலேயே இருக்கிறது. இரவு ஒரு மணிக்கு வெள்ளவத்தையில் வேன் புறப்படுகிறது. அவிசாவளை தாண்டும்வரை பாட்டு. கித்துல்கலையில் எல்லோரும் தூக்கம். தலவாக்கலைப் பக்கம் டெவன், சென் கிளயார் நீர்வீழ்ச்சிகள் ஜன்னலுக்கு வெளியே போகின்றன, ஒருவரும் எழும்பவில்லை. (மேல் கொத்மலை மின்திட்டம் வந்தபிறகு சென் கிளயார் பழைய சென் கிளயார் இல்லை. அது வேறு துக்கம்.) எட்டு மணிக்கு டவுன். சிவப்புத் தபாற்கந்தோருக்கு முன்னால் ஒரு படம், லேக்கில் அன்னப் படகில் ஒரு படம், குதிரை, ஸ்ட்ரோபெரி, அப்புறம் அந்தத் தேயிலை மலை. மூன்று மணிக்கு மறுபடி வேன். மொத்தம் ஏழு மணிநேரம். நூரளைக்குப் போனது வேன்தான். தம்பி எங்கே போனார் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த லேக்கை, கிரகரி வாவியைச் "சின்னக் குளம்" என்கிறார். 1873இல், ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், சதுப்பாகக் கிடந்த இடத்தில் ஓடையை மறித்து உண்டாக்கிய வாவி அது. அதைப் பார்க்கிற நேரம் காலை பத்து மணி இல்லை ராசா. பின்னேரம் ஐந்து மணிக்குப் பீதுருதாலகாலை மலைப் பக்கமிருந்து பனி இறங்கும். எதிர்க்கரை மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். அவித்த சோளம் ஒன்றை வாங்கி, தின்னாமல் கையைச் சூடாக்கிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். அந்த நேரத்தில் உங்கள் வேன் கினிகத்தேனையில் கொத்து ரொட்டிக்கு நின்றுகொண்டிருந்தது. அதையும் வீடியோவில் போட்டிருக்கிறீர்கள்.

ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்கு அவர்கள் போகவே இல்லை. "புல்லுத்தானே" என்று ஒரு குரல் கேட்கிறது. அந்தப் புல்லைப் பற்றி ஒரு தகவல் சொல்கிறேன். மகாவலி, களனி, வளவை ஆறுகள் மூன்றுக்கும் தலைநீர் அந்தப் பக்கத்து மலைகளில்தான். களனித் தண்ணீரை அம்பத்தலையில் சுத்திகரித்துத்தான் கொழும்பில் நமக்குக் குழாயில் விடுகிறார்கள். தம்பி வீட்டுக்கு வந்து குளித்தாரே, அது அந்தப் புல்லில் ஊறிய தண்ணீராகவும் இருக்கலாம். உலக முடிவு என்கிற அந்தச் செங்குத்து மலை விளிம்பைப் பார்க்க வேண்டுமென்றால் விடியற்காலையில் பூங்கா வாசலில் நிற்க வேண்டும். ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு போனால் பெரும்பாலும் பனியின் வெள்ளைச் சுவர்தான். சுற்றி வர ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர் நடை. தண்ணீர்ப் போத்தலின் பிளாஸ்டிக் உறையைக்கூட வாசலிலேயே கழற்றி வாங்கிவிடுவார்கள். வழியில் மரை மான் ஒன்று மனிதரைக் கண்டும் அசையாமல் நிற்கும். இதற்கெல்லாம் முதல்நாள் இரவு நூரளையில் தங்கியிருக்க வேண்டும். தங்க வேண்டும். தங்காமல் பார்க்க முடியாத ஊர் அது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஹக்கலைப் பூங்கா இன்று பூவுக்குப் பேர்போனது. 1861இல் தொடங்கும்போது அது மலேரியா மருந்துக்காகச் சிங்கோனா நட்ட இடம். அதற்குச் சற்று முன்னால் சீதையம்மன் கோயில். தம்பி இரண்டையும் "டைம் இல்ல" என்று தள்ளிவிட்டார். குதிரைக்கு மட்டும் டைம் இருந்தது.

இப்போது நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று தெரியும். "எல்லாருக்கும் தங்குறதுக்குக் காசு இருக்கா?" நியாயம். ஏப்ரல் சீசனில் அறை வாடகை கேட்டால் எனக்கே தலை சுற்றும். ஒத்துக்கொள்கிறேன். ஒரு நாள்தான் முடியும் என்றால் ஒரு நாள் போங்கள், பிள்ளைகளுக்குக் குளிரைக் காட்டுங்கள், சந்தோசமாக வாருங்கள். நான் கேட்பது ஒன்றுதான். ஏழு மணிநேரம் இருந்துவிட்டு ஊருக்கு மார்க் போடாதீர்கள்.

"சின்னப் பொடியன், விளையாட்டுக்குச் செய்தது" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. இருபத்தைந்து வயதில் என் மாமா இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"நீயும் கொழும்பில் இருந்துகொண்டுதானே பேசுகிறாய்?" என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். ஆமாம், இருக்கிறேன். கொட்டாஞ்சேனையில் பிறந்தேன், புறக்கோட்டையில் வேலை. அதனால்? என் அம்மா நானுஓயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பிறந்தவர். ஒவ்வொரு ஏப்ரல் லீவுக்கும் கோட்டையில் ரயில் ஏறி, மதியம் தாண்டி நானுஓயாவில் இறங்கி, அங்கிருந்து நடந்து அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, வீட்டுக்குப் போவோம். வாசலில் அம்மாயி, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கை அவிழ்க்காமலே நிற்கும். எங்களுக்கு ரொட்டியும் கட்டசம்பலும். இரவில் ஒரே கம்பளிக்குள் நாலு பேர். நான் நூரளை பார்த்தது அப்படித்தான்.

அந்த அம்மாயி டவுனிலிருந்து ஒரு மணிநேரத் தூரத்தில் வாழ்நாள் முழுக்க இருந்தது. லேக்கில் படகு ஏறியது ஒரே ஒரு தடவை. நான் முதல் சம்பளம் வாங்கிய வருடம் பிடிவாதமாகக் கூட்டிப்போனேன். இரண்டு கையாலும் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இறங்கியதும் முதல் கேள்வி, "எவ்வளவுய்யா குடுத்த?" சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டு பேரு காசு" என்றது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், அதுதான் ஒரு நாள் சம்பளம். பறித்த கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர். அரை மணிநேரப் படகுக்கு இரண்டு பேர். சந்தோசப்படுத்தப் போய் நான் வாங்கிக்கொண்டு வந்த கணக்கு அது.

அதனால்தான் வீடியோவில் வருகிற அந்தக் கூடைக்கு வருகிறேன்.

பல தோட்டங்களில் இப்போது பிரம்புக்கூடை இல்லை. தலையிலிருந்து முதுகில் தொங்குவது நைலோன் சாக்கு. அந்த அம்மாவிடம் இருந்ததும் சாக்குத்தான். சாக்கு "வைப்" ஆக இல்லை என்று தம்பி வேனிலிருந்து ஒரு கூடையை இறக்குகிறார். கொழும்பிலிருந்து கொண்டுபோன கூடை! அந்த அம்மாவின் சாக்கிலிருந்த கொழுந்தைக் கூடையில் கொட்டி, அதைத் தன் தலையில் மாட்டி, "ஆன்ட்டி, சைட்ல நின்னு கொஞ்சம் ஸ்மைல் பண்ணுங்க" என்கிறார். கடைசியில் நூறு ரூபாய் நீட்டுகிறார். அந்த அம்மா வாங்கவில்லை. "ஷையா இருக்காங்க" என்று சிரிப்பு.

உடனே வருவார்கள், "நல்ல எண்ணத்தில்தானே காசு கொடுத்தான்." ஐயா, ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டு தோட்டத்து மக்கள் எத்தனை வருடம் ரோட்டில் நின்றார்கள். 2021இல்தான் அது கைக்கு வந்தது. அந்தப் போராட்டத்தில் நின்ற ஒரு பெண்ணுக்கு நூறு ரூபாய் நீட்டி அதைப் படமும் எடுப்பதற்குப் பெயர் நல்ல எண்ணமா? 2023இல் மலையக மக்கள் இந்தியாவிலிருந்து வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தபோது, நம் கொழும்பு நண்பர்கள் போட்ட இதயங்களை நான் மறக்கவில்லை. அதே பெயர்கள் இப்போது அந்த வீடியோவின் கீழே சிரிப்பு இமோஜியோடு நிற்கின்றன. பெயர் சொல்லமாட்டேன். இதை வாசிப்பீர்கள்.

நான் கொழும்பில் படித்த பள்ளிக்கூடத்தில் ஒருநாள் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். ரொட்டி. பக்கத்திலிருந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தச் சொல்லைச் சொன்னான். தோட்டக்காட்டான். அவன் சொன்னதைவிட, நான் மறுநாள் அம்மாவிடம் "ரொட்டி வேணாம், பாண் தாங்க" என்று கேட்டதுதான் இன்னும் உறுத்துகிறது. அம்மா ஏன் என்று கேட்கவில்லை.

இடம்மாறி எங்கோ வந்துவிட்டேன், தெரியும். லேக்கைப் பற்றித்தான் எழுதத் தொடங்கினேன்.

அந்த முகத்துக்கு வருகிறேன். படம் எடுக்கிற நேரம் முழுக்க அந்த அம்மா கெமராவைப் பார்க்கவில்லை. இடப்பக்கம் மேலே எங்கோ பார்த்துக்கொண்டே இருக்கிறார். கமெண்டில் எல்லோரும் வெட்கம் என்கிறார்கள். நான் அவமானம் என்று நினைத்தேன். அப்படித்தான் எழுதவும் இருந்தேன், அதற்கு நாலு வரி நல்ல வசனமும் தயாராக வைத்திருந்தேன்.

இன்று காலை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "நிறுவைக்கு ஆள் வந்துருச்சு, அதத்தான் பாக்குது" என்றார். பிறகு திரையில் விரலை வைத்து, அந்தத் தம்பியின் செருப்புக்குப் பக்கத்தில் காட்டினார். நான் மூன்று முறை பார்த்தும் காணாத இடம்.

"கொழுந்து கீழ கொட்டிக் கெடக்கு பாரு. எத்தன கிலோ போச்சோ."