நடுராத்திரியில் கத்தும் கார் சைரனை என்ன செய்வது?

இதை எழுதும்போது மணி இரவு ஒன்றரை. பக்கத்துத் தெருவில் ஒரு கார் மூன்றாவது முறையாகக் கத்தி ஓய்ந்திருக்கிறது. போன மாதம் இதே வேலையை என் கார் செய்தது என்பதால் எரிச்சலை விட, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றுகிறது.

நாங்கள் இருப்பது சென்னை வளசரவாக்கத்தில். கார் 2014 மாடல், வாங்கியபோதே வெளிக்கடையில் அலாரம் கிட் போட்டது. இத்தனை வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. மழைக்குப் பிறகு ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அலறியது. ரிமோட்டை அழுத்தி நிறுத்திவிட்டுப் படுத்தேன், நாலு மணிக்கு மறுபடி. மூன்றாம் நாள் காலையில் கீழ்வீட்டுப் பெரியம்மா படிக்கட்டில் நிறுத்தி, "தம்பி, பிள்ளை அப்போதுதான் கண்ணசந்தது, உங்க வண்டி எழுப்பிடுச்சு" என்றார். அவருடைய மகளுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலை நடக்கிறது, அந்த அதிர்வில்தான் கத்துகிறது என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். கடைக்குப் போனால், காரைத் திறந்துகூடப் பார்க்காமல் "கிட் போயிருச்சு சார், புதுசு மாத்திடலாம்" என்கிறார்கள். இன்னொரு இடத்தில் சைரன் வயரை வெட்டிவிடலாம் என்றார்கள். எனக்கு இதில்தான் கடும் ஆட்சேபம். சைரன் தானாகக் கத்துவதில்லை. ஏதோ ஒரு சென்சாரோ ஸ்விட்சோ, கதவு திறந்துவிட்டது, யாரோ தட்டுகிறார்கள், கரண்ட் இறங்குகிறது என்று தகவல் அனுப்புகிறது, அதைக் கேட்டுத்தான் அது கத்துகிறது. தகவல் அனுப்புவது எது என்று தேடாமல் வாயை மட்டும் அடைப்பது ரிப்பேர் ஆகாது. அதோடு பல வெளிக்கிட்களில் இன்ஜினை ஸ்டார்ட் ஆகவிடாமல் தடுக்கும் வயரும் அதே வயர்க் கட்டுக்குள்தான் போகிறது. தவறானதை வெட்டினால் காலையில் வண்டியே கிளம்பாது.

சரி, நானே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். முதலில் பேட்டரி. காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு மல்டிமீட்டர் வைத்தால் முழு சார்ஜில் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. வோல்டேஜ் சரிந்தால் யாரோ பேட்டரி வயரைக் கழற்றுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு கத்துகிற அலாரங்கள் உண்டு. எனக்கு 12.5 இருந்தது, டெர்மினலும் சுத்தம். அடுத்து ஷாக் சென்சார், அதாவது வண்டியில் தட்டினாலோ வண்டி அதிர்ந்தாலோ உணர்வது. டாஷ்போர்டுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் இருக்கும், அதில் ஒரு சின்னத் திருகு, அதைத் திருப்பினால் கூச்சம் குறையும். லாரி போனாலே, தீபாவளி வெடிக்கே கத்தும் வண்டிகளுக்குப் பெரும்பாலும் இது போதும். நான் பாதிக்கு மேல் குறைத்தேன், அன்று ராத்திரியும் கத்தியது. மெட்ரோ மேல் போட்ட பழி அங்கேயே விழுந்துவிட்டது.

அப்புறம் கதவுகள். ஒவ்வொன்றாகத் திறந்து மூடி, உள் லைட் உடனே அணைகிறதா, நடுங்குகிறதா என்று பார்த்தேன். டிக்கியும் பார்த்தேன். எல்லாம் சரி. வண்டிக்குள் அசைவைக் கவனிக்கும் சென்சார் உள்ள கார் என்றால், கண்ணாடி ஒரு விரல் அளவு திறந்திருந்தாலும் உள்ளே வரும் காற்றுக்கே கத்தலாம். என் காரில் அது கிடையாது.

மிச்சம் இருந்தது பானட் ஸ்விட்ச். பெரும்பாலானவர்கள் கடைசியில்தான் இதைப் பார்க்கிறார்கள், என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். மழைத் தண்ணீர், புழுதி, இன்ஜின் சூடு எல்லாம் படுகிற இடத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊசி ஸ்விட்ச். பானட் மூடும்போது அதை அழுத்துகிறது, திறந்தால் மேலே எழும்பி அலாரத்துக்குச் சொல்கிறது. என்னுடையதில் மேலே இருந்த ரப்பர் தொப்பி தேய்ந்து போய், பானட் மூடியிருந்தும் ஊசி அரைகுறையாகத்தான் அழுந்தியது. உள்ளே துருவும் பிடித்திருந்தது. அந்த ஒரு வயரை மட்டும் கழற்றி, முனையில் டேப் சுற்றி விட்டேன். ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி, சத்தமே இல்லை. (என் கிட்டில் இப்படிச் சோதிக்கலாம். கம்பெனியிலேயே வரும் அலாரங்களில் சிலவற்றில் வயரைக் கழற்றினாலே பானட் திறந்ததாக எடுத்துக்கொள்ளும், அதை மெக்கானிக்கிடம் ஸ்கேன் செய்து பார்ப்பது நல்லது.) புது ஸ்விட்ச் 120 ரூபாய். பானட்டைத் திறந்திருந்தபோது எலி கடித்த வயர் ஏதும் இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பார்த்தேன். நம் ஊரில் நிறுத்தியே வைத்திருக்கும் வண்டிகளுக்கு அது பெரிய காரணம்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. சைரன் பெட்டிகளில் 110, 120 என்று அச்சிட்டு விற்கிறார்கள். திருடனை விரட்டத்தான் அவ்வளவு சத்தம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தினமும் சும்மா கத்துகிற வண்டி இருக்கும் தெருவில் எந்த சைரனுக்கும் யாரும் எழுந்து ஜன்னலைத் திறப்பதில்லை. உண்மையிலேயே ஒருவர் கண்ணாடியை உடைக்கும்போதும் திறக்கமாட்டார்கள். என் வண்டியின் கோளாறு தெருவில் உள்ள எல்லா வண்டிகளின் காவலையும் கெடுக்கிறது என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது.

பக்கத்துத் தெரு வண்டி இதோ மறுபடி ஆரம்பித்துவிட்டது. யாருடையது என்று வாட்ச்மேனிடம் கேட்டுவைத்திருக்கிறேன். காலையில் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போய், அவர் சரி என்றால் முதலில் பானட்டைத் திறந்து பார்க்கப் போகிறேன்.