பாலை மண்ணில் பெய்யும் மழை நேரே நிலத்தடி நீராகிறதா?

“பாலைவன மணல் சல்லடை போன்றது, அங்கே பெய்யும் மழை முழுவதும் சில நாள்களில் நிலத்தடி நீரோடு சேர்ந்துவிடும்” என்றொரு செய்தி பகிரப்படுகிறது. இது தவறு. இதை நம்பிக் கிணற்று நீரைக் கணக்கிடுவோர் ஏமாந்துபோவார்கள் என்பதால் விளக்குவது அவசியமாகிறது.

மழையுடனும் தூசியுடனும் சிறிதளவு குளோரைடு (சமையலுப்பிலும் உள்ள, நீரில் கரையும் உப்புக்கூறு) நிலத்தில் விழுகிறது. நீர் ஆவியானாலும், செடிகள் உறிஞ்சிக்கொண்டாலும், அந்த உப்பின் பெரும்பகுதி மண்ணிலேயே தங்கிவிடுகிறது. துளையிட்டு எடுத்த மண்ணில் ஒரு பிடியைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, தெளிந்தபின் அந்நீரிலுள்ள குளோரைடை அளக்கிறார்கள். ஒவ்வோர் ஆழத்திலும் கிடைத்த அளவைக் கூட்டி, ஆண்டுதோறும் விழும் அளவால் வகுத்தால், அவ்வளவு உப்புச் சேர எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கும் என்பது தெரியவரும். அமெரிக்காவின் நெவாடாவிலுள்ள அமர்கோசா பாலைவனத்தில் அந்த விடை 10,000 ஆண்டுகளைத் தாண்டுகிறது. நீர் கீழே வடிந்திருந்தால் உப்பும் அதனோடு போயிருக்கும்.

மற்றொரு தடயம், 1950களில் பசிபிக் கடலில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் உருவாகி மழையோடு இறங்கிய குளோரின்-36 என்னும் கதிரியக்கக் குளோரின்; இதுவும் நீரோடு சேர்ந்தே மண்ணுக்குள் நகரும். மேற்கு டெக்சாஸின் சிவாவா பாலைவனத்தில், ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பின்னும் அதன் உச்ச அளவு சுமார் அரை மீட்டர் ஆழத்திலேயே நின்றிருந்தது.

இவை செடிகள் வளர்ந்த மேட்டுநிலத்துக்கே பொருந்தும். வெள்ளம் ஓடும் வறண்ட ஆற்றுப்படுகைகளிலும் பாசன வயல்களிலும் உப்பு அலசப்பட்டு, நீர் ஆழத்துக்கு இறங்குவதையும் இதே முறைதான் காட்டுகிறது.