தஞ்சோங் சிப்பாட் பாலத்தில் உட்கார்ந்திருந்தது நாங்கள்தான்

பாலத்தில் எங்களைப் படம் எடுத்து ஒரு தம்பி தன் இணையப் பக்கத்தில் போட்ட அந்தக் காணொளியை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். அண்ணன் மகன் அனுப்பிவிட்டான். கோயில் வாட்சாப் குழுவில் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் வேலை செய்யும் செம்பனை எண்ணெய் (பாமாயில்) ஆலையில், ஈப்போவில் இருக்கும் மைத்துனர் அனுப்பினார் என்று ஒருவர் அவரிடமே காட்டியிருக்கிறார். பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புல்லாங்குழல், மெதுவாக ஓடும் படம், மேலே மஞ்சள் எழுத்தில் "பெற்ற பிள்ளைகள் கைவிட்டார்கள், ஒரு வேளைச் சோற்றுக்குக் கடலை நம்பியிருக்கும் தோட்டத்துத் தம்பதி."

அது ரப்பர் தோட்டத்தில் பிறந்த நானும் என் வீட்டுக்காரரும்தான். எங்களை யாரும் கைவிடவில்லை. சோற்றுக்காக நாங்கள் அங்கே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேருக்கும் லீவு, தண்ணீர் தோதாக இருந்தது, மலேசியாவில் சிலாங்கூர் கடலோரத்தில் இருக்கும் தஞ்சோங் சிப்பாட் பாலத்துக்கு மீன் பிடிக்கப் போனோம். பொழுதைக் கழிக்கப் போனோம். அது பொய், எங்களுக்கு உதவி வேண்டாம் என்று ஏற்கனவே ஒரு பதிவு போட்டேன், அதற்கும் ஆளுக்கொரு பதில் வந்தது. எத்தனை பேருக்குத் தனித்தனியாகப் பதில் எழுதுவது? அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த அழுகை. காணொளியில் நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு கண்ணைத் துடைக்கிறேன், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்கிறார். "ஆறுதல் சொல்லக் கணவனைத் தவிர யாருமில்லை" என்று போட்டிருக்கிறார்கள். நடந்தது என்ன தெரியுமா? டூரி மீனைத் தூண்டிலிலிருந்து கழற்றும்போது அதன் முள் என் கட்டைவிரலில் ஏறிவிட்டது. கெளுத்தி வகை மீனுக்கு முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முள். மூன்றிலும் ரம்பப் பல் உண்டு, விஷமும் உண்டு. குத்தினால் தோள்வரை வலி ஏறும். அந்த விஷம் ஒரு புரதம், சூட்டில் சிதைந்துவிடும். கை தாங்குகிற அளவுக்குச் சூடான தண்ணீரில், 45 டிகிரி அளவில், விரலை முக்கி வைப்பதுதான் முதலுதவி. முள் உள்ளே முறிந்திருந்தால் உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும். எனக்கு முறியவில்லை. காப்பி கலக்கக் கொண்டுபோன ஃபிளாஸ்க் தண்ணீரைக் கோப்பையில் ஊற்றி, விளாவி, என் விரலை அதில் பிடித்து வைத்தார். "எடுக்காத, இன்னும் கொஞ்ச நேரம் வை" என்கிறார். "சுடுதுங்க" என்கிறேன். இவ்வளவுதான் நாங்கள் பேசியது. அதன்மேல் புல்லாங்குழலை ஏற்றிவிட்டு, பிள்ளைகளை நினைத்து அழுகிறாள் என்று எழுதிவிட்டார்கள்.

அடுத்து அந்தச் சோறு. சோறும் நெத்திலிச் சம்பலும் அவித்த முட்டையும்தான் கொண்டுபோனோம். குழம்பு கொண்டுபோனால் வண்டியில் கொட்டும், வெயிலில் கெடும். எப்போது போனாலும் இதுதான். சம்பல் கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போகாத குடும்பம் இந்த நாட்டில் எங்கே இருக்கிறது? அதையும் அருகில் போய்ப் பெரிதாக்கிக் காட்டி, "இதுதான் அவர்கள் உணவு" என்று போட்டால் நான் என்ன சொல்வது?

அப்புறம் வறுமைக்கு அடையாளமாகக் காட்டிய அந்தப் பெயின்ட் வாளி. பாலத்தில் தூண்டில் போடும் எல்லாரிடமும் அந்த வாளிதான் இருக்கும்.

இங்கேதான் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. அன்றைக்குப் பாலம் முழுக்க ஆட்கள். எங்களுக்கு இரண்டு பக்கமும் மூன்று நான்கு தூண்டில் கம்புகளை வரிசையாகச் சாய்த்து வைத்துக்கொண்டு, குடை விரித்து, ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் எங்களைவிடப் பெரிதாக ஒன்றும் பிடிக்கவில்லை. அவர்களை யாரும் படம் எடுக்கவில்லை. அவர்கள் பொழுதுபோக்குக்கு வந்தவர்கள் என்று அந்தத் தம்பிக்குப் பார்த்தவுடனே தெரிந்திருக்கிறது. எங்களைப் பார்த்தவுடனே பசி என்று தெரிந்திருக்கிறது. எதை வைத்து? என் நைந்த சட்டையை வைத்தா? மீன் பிடிக்கப் போகிறவள் பட்டுப் புடவையா கட்டிக்கொண்டு போவாள்? அவர் போட்டிருந்த ஆலைத் தொப்பியை வைத்தா? தோட்டத்து முகம் என்று ஒன்று இருக்கிறதா? அந்த முகம் கடலைப் பார்த்து உட்கார்ந்தால் அது பசியாகத்தான் இருக்க வேண்டுமா?

எங்களுக்கும் பொழுது உண்டு. அதை எப்படிக் கழிப்பது என்று எங்களுக்குத் தெரியும்.

தெரியும் என்று சும்மா சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் தமிழ் நாட்காட்டி பார்த்துத்தான் மீன் பிடிக்கப் போவார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பெரிய நீர் ஏறும். எங்கள் கரையில் அது சாதாரண ஏற்றம் இல்லை, கிள்ளான் துறைமுகப் பக்கம் ஐந்து மீட்டரைத் தாண்டும் நாட்கள் உண்டு. அன்றைக்கு இழுக்கிற இழுப்பில் தூண்டிலில் கட்டிய ஈயம் தரையில் நிற்காது, சேறு கலங்கிவிடும். அதனால் அஷ்டமி, நவமி, தசமிதான் எங்களுக்கு. அஷ்டமியையும் நவமியையும் நல்ல காரியத்துக்கு ஆகாது என்று எல்லாரும் ஒதுக்குவார்கள், ஆனால் அந்த நாட்களில்தான் கடல் சாந்தமாக இருக்கும். அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழ வேண்டும், அவருக்கும் ஆலையில் லீவு கிடைக்க வேண்டும். அவர் லாரிகளை எடை போடும் தராசு மேடையில் வேலை செய்கிறார். செம்பனைக் குலையை வெட்டிப் போட்டு வைக்க முடியாது, நேரம் ஆக ஆக எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கிவிடும். அதனால் காய்ப்பு அதிகமுள்ள மாதங்களில் லாரி இராத்திரியிலும் வரும், ஞாயிறும் வரும். இத்தனையும் ஒத்து வந்து ஒரு நாள் கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று ஆலை வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். அப்படிக் கிடைத்த நாள் அது.

விடியற்காலையில் பந்திங்கிலிருந்து கிளம்பினோம். மோரிப், பத்து லாவுட் வழியாகப் போகும் சாலை. வழியில் தூண்டில் இரைக்கு உம்புன்-உம்புன் புழு ஒரு பொட்டலம், உயிர் இறால் கொஞ்சம். புழுவுக்குக் கெலாமா மீன் வரும். தூக்கும்போது வயிற்றுக்குள்ளிருந்து குர்குர் என்று ஒரு சத்தம் போடும். காற்றுப்பையை அதிரவிட்டு அப்படிக் கத்துகிற மீன் அது. தலைக்குள் வெள்ளையாக இரண்டு கல் இருக்கும். என் பிள்ளைகள் சின்ன வயதில் அந்தக் கல்லைக் கழுவி டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார்கள். இறாலுக்குப் பாலத்துத் தூண் ஓரத்தில் சியாக்காப், அதாவது கொடுவா மீன், வரும், வந்தால் அன்றைக்குத் திருவிழா. அன்று வரவில்லை. கெலாமாவும் அந்த டூரியும்தான். பழைய மரப்பாலம் 2013இல் இடிந்து விழுவதற்கு முன்னாலிருந்தே நாங்கள் அங்கே போகிறோம். அதைக் காதலர் பாலம் என்பார்கள். கல்யாணமான புதிதில் அவர் என்னை முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு போன இடம். அங்கே உட்கார்ந்துதான் தூண்டில் முடிச்சு போடக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் அவரைவிட என் முடிச்சுதான் இறுகும்.

என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். இருட்டோடு எழுந்து, வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக்குப் போய், கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுக் காட்டுக்குப் போவார். எங்கள் தோட்டத்திலிருந்து கடல் ரொம்ப தூரமில்லை. காற்று திரும்பினால் சேற்று வாசம் நாங்கள் இருந்த வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கே வரும். அந்த அம்மா கடலுக்குப் போனது, தோட்டத்து லாரியில் எல்லாரையும் ஏற்றி மோரிப்புக்குக் கூட்டிப்போன அன்றைக்கு ஒரு முறை. அப்புறம் அப்பாவின் அஸ்தியைக் கரைக்க. அவ்வளவுதான். கடலைப் பார்த்துச் சும்மா உட்கார்ந்திருக்க அவருக்கு ஒரு நாளும் நேரம் கிடைக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் கங்காணி திட்டுவார் என்கிற பயம், வேலையை விட்டு நின்ற பிறகும் அவரை விடவில்லை. வயதான காலத்தில் திண்ணையில் உட்கார்ந்திருப்பார், யாராவது வந்தால் சட்டென்று எழுந்து துடைப்பத்தை எடுப்பார்.

நான் எழுவதில்லை. நான் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பாலத்தில் காலை நீட்டி, தூண்டில் நுனியைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் என் மனிதரோடு நாளெல்லாம் உட்கார்ந்திருப்பேன். அம்மாவுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் போய் ஏழ்மை என்று படம் பிடித்துக் காட்டினால் எனக்கு வலிக்காதா?

"அந்தப் பையன் நல்ல எண்ணத்தில்தானே செய்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணம் இருந்தால் வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். பத்தடி தூரத்தில்தான் நின்றிருக்கிறான். "ஆன்ட்டி, என்ன ஆச்சு, கையில என்ன?" என்று ஒரு வார்த்தை. காப்பி கொடுத்திருப்பேன், சம்பல் சோறும் கொடுத்திருப்பேன். கேட்டிருந்தால் கதை போயிருக்கும், அதனால்தான் கேட்கவில்லை.

பொது இடம், யார் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம் என்கிறீர்கள். எடுக்கலாம். பொய் எழுதலாமா?

"உதவி செய்ய வந்தவர்களைத் திட்டுகிறாள், தோட்டத்து ஆளுக்கு இவ்வளவு திமிரா" என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. உதவி வாங்குகிறவளாக இருந்திருந்தால் நல்லவள், வேண்டாம் என்று சொன்னதும் திமிர் பிடித்தவள். நீங்கள் நினைத்த இடத்தில் நாங்கள் உட்காராவிட்டால் உங்களுக்குக் கோபம் வருகிறது. இரக்கத்துக்கு அடியில் இருந்தது இதுதான் என்றால் அந்த இரக்கம் எங்களுக்கு வேண்டாம்.

"நிஜமாகவே கைவிடப்பட்ட பெரியவர்கள் இருக்கிறார்கள், உங்கள் பதிவால் அவர்களுக்குக் கிடைப்பதும் நின்றுவிடும்" என்று ஓர் ஆசிரியர் எழுதியிருந்தார். இதை மட்டும் நான் யோசித்தேன். இருக்கிறார்கள், எனக்கும் தெரியும். பழைய லயத்தில் தனியாக இருக்கும் பாட்டிகளுக்குக் கோயில் மகளிர் குழு வாராவாரம் சாமான் கொண்டுபோகிறது, நானும் போகிறேன். ஒரு நாளும் அவர்கள் முகத்தைப் படம் எடுத்ததில்லை. தோட்டத்து மக்கள்மேல் அக்கறை இருக்கிறதா? குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது, அதை வைத்துக்கொண்டு இன்றைய வீட்டு வாடகையும் பிள்ளை படிப்பும் எப்படி என்று பேசுங்கள். தோட்டத்தை விற்றபோது லயத்தைக் காலி செய்தவர்கள் வீடில்லாமல் அலைந்ததைப் பேசுங்கள். நான் பிறந்த தோட்டம் இன்றைக்குத் தாமானாக, வீடமைப்புப் பகுதியாக நிற்கிறது, அதில் எங்கள் லயத்து ஆட்கள் எத்தனை பேரால் வீடு வாங்க முடிந்தது? அதற்கெல்லாம் புல்லாங்குழல் போட்டு யாரும் காணொளி எடுத்ததாக எனக்கு நினைவில்லை.

என்னைச் சொன்னதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். என் மகன் ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். விடியுமுன்னே மோட்டாரில் அந்த நெரிசலில் நிற்கிறவன். காணொளியில் அப்பா கையில் இருக்கும் ரீல் அவன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. அந்தப் படத்தை அவன் கூட வேலை செய்கிறவர்கள் பார்த்துவிட்டு, "இது உங்க அப்பா அம்மாதானே?" என்று கேட்டிருக்கிறார்கள். போன் பண்ணினான். "மா, நான் உங்களைப் பாக்கலைன்னு சொல்றாங்கம்மா" என்றான். அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை. அவன் அப்பா போனை வாங்கிக்கொண்டு, "நீ சாப்பிட்டியாடா?" என்று மட்டும் கேட்டார். ஷா ஆலாமில் இருக்கும் மகள் அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள், மாமியார் வீட்டில் பதில் சொல்ல முடியவில்லையாம். யாருடைய நல்ல எண்ணத்துக்காக என் பிள்ளைகள் தலை குனிய வேண்டும்?

நேற்று தெரிந்தது, அந்தப் பக்கத்தில் எங்கள் பெயரைச் சொல்லாமல் எங்கள் முகத்தைக் காட்டி வங்கிக் கணக்கு எண் போட்டுப் பணம் கேட்டிருக்கிறார்கள். சின்ன வயதில் பள்ளியில் பாடிய பந்துன் என்கிற மலாய்ப் பாட்டு எல்லாருக்கும் நினைவிருக்கும். சியாக்காப் செனோஹோங், கெலாமா ஈக்கான் டூரி. பெர்ச்சாக்காப் போஹோங், லாமா-லாமா மென்ச்சூரி. முதல் வரி முழுக்க மீன் பெயர்கள், அடுத்த வரிக்கு அர்த்தம் இதுதான்: பொய்யில் தொடங்கினால் போகப்போகத் திருட்டில் முடியும். நான் பிடித்த மீன்களை வைத்தே பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்தக் கணக்கு எங்களுடையது இல்லை. ஒரு காசு எங்களிடம் வரவில்லை, வந்தாலும் வாங்க மாட்டோம். அனுப்பியவர்கள் அந்தப் பக்கத்திலேயே திருப்பிக் கேளுங்கள், ரசீதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலையில் என் வீட்டுக்காரரும் மகளும் போலீஸில் புகார் கொடுக்கப் போகிறார்கள். அப்போது அந்த ரசீது தேவைப்படும், எனக்கு மெசெஞ்சரில் அனுப்பலாம்.

தம்பி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். காணொளியை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. அந்த இரண்டு பேரும் மீன் பிடிக்க வந்தவர்கள், அவர்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள், நான் எழுதியது பொய் என்று அதே பக்கத்தில் எழுது. என் மகனோடு வேலை செய்கிறவர்கள் அதைப் படிக்க வேண்டும்.